தையல்கார அக்காவின் மூன்றாவது கன்று

தையல்கார அக்கா கைபட்டால் கிழிந்த துணி பிழைக்கும். செடி மட்டும் பிழைக்காது. கல்யாணமான புதிதில் ஜன்னலோரம் வைத்த ரோஜாத் தொட்டி தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது நம்பி ஒப்படைத்த கற்றாழை வரை எல்லாம் போய்ச் சேர்ந்தன. கற்றாழையையே சாகடிப்பதென்றால் சும்மாவா! வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டம்மா தொட்டா தொட்டாச்சிணுங்கி படுத்துடும். அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது."

இப்பேர்ப்பட்டவள் தெரு மரங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் போய்ச் சேர்ந்தால் ஊர் வாயை மூடுமா? குழுத் தலைவர் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். பஸ்ஸை விட்டாலும் விசிலை விடாதவர். ஒரு விசிலுக்குத் தண்ணீர் லாரி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். அக்காவின் கடைக்கு எதிரே ஒரு குழியை அவளுக்கென்று ஒதுக்கினார். முதல் கன்று வாடியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவதும் போனால் இடம் வேறு ஆளுக்கு என்பது குழுவின் சட்டம்.

"ஒண்ணே ஒண்ணு என் கையால பொழைச்சாப் போதும் அண்ணே. அப்புறம் நான் வேறெதுவும் கேட்க மாட்டேன்" என்று அவள் கெஞ்சினாள். அவருக்கு மனசு இளகிவிட்டது. நல்ல வேப்பங்கன்றாகக் கொண்டுவந்து நட்டு, காற்றில் சாயாமலிருக்கப் பக்கத்தில் கட்டை விரல் கனத்தில் ஒரு முட்டுக் கம்பும் ஊன்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம், சாயங்காலம் சட்டைக்குக் காஜா எடுத்த கையோடு இன்னொரு குடம். கன்று கொஞ்சம் முகம் சுளித்தால் கூடுதலாக ஒரு குடம். இதற்கிடையில் முட்டுக் கம்பில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. அக்காவுக்கு வந்ததே கோபம்!

"பிள்ளைக்கு ஊத்துற தண்ணிய இது குடிக்குதே, தண்டச்சோறு!" என்று நூல் வெட்டும் கத்தரியால் துளிரை நறுக்கினாள். மறுபடி வந்தது. மறுபடி நறுக்கினாள். கம்புக்கும் வெட்கமில்லை, அவளும் விடுவதாயில்லை.

வேப்பங்கன்று மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளாகி, ஒரு காலையில் மொட்டையாக நின்றது. அக்கா கடையைத் திறக்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் வந்தார். இலேசாக இழுத்ததும் கன்று கையோடு வந்தது. வேரை முகர்ந்து பார்த்தார்.

"அழுகிப் போச்சும்மா. வேம்புக்கு இவ்வளவு தண்ணியா? நீச்சலடிக்கவா விட்டே?"

"எனக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான் அண்ணே" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். கூட நின்ற வேன்காரருக்கு முதல் தடவையாகக் கிண்டல் வரவில்லை.

இடத்தைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டுமே என்று கண்டக்டர் முட்டுக் கம்பையும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வேன்காரரும் சேர்ந்து இழுத்தார். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்களே தவிர, கம்பு கம்பீரமாக நின்றது. தவழ்ந்து போய் அடியைக் கிளறிப் பார்த்த கண்டக்டர், அங்கிருந்தே விசிலை ஊது ஊதென்று ஊதினார். தெருவே ஓடிவந்தது.

"பூவரசும்மா இது! காய்ஞ்ச கம்பு கிடைக்கலேன்னு அவசரத்துல பச்சைக் கிளையை வெட்டி நட்டுட்டேன். நீ ஊத்துன தண்ணி வேம்புக்கு ஆகலே, இதுக்கு நல்லா ஒத்துக்கிச்சு. வேரு எவ்வளவு ஆழத்துல போகுது பாரு!"

"அப்ப இது கணக்குல சேருமா அண்ணே?" என்றாள் அவள், முந்தானையை விலக்கிக்கொண்டு.

"சேராமப் பின்னே? நட்டது நான்தான். பொழைக்க வெச்சது நீ!"

கைதட்டல் தெருக்கோடி வரை கேட்டது. வேன்காரர் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. கத்தரி பட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஏன்டா கண்ணு, இத்தனை நாளா உன்னை வெட்டிக்கிட்டே இருந்தேனே. அப்பக்கூட என்னை விட்டுட்டுப் போகணும்னு உனக்குத் தோணலையா?"