இன்டெக்ஸ் இல்லாத மாதம்

மதியம் பன்னிரண்டு பத்து. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நான் முதலில் கண்டது, வரிசையில் நின்ற ராணி என்ற பெண்ணின் சட்டை பாலில் நனைந்திருந்ததை. கணினித் திரையில் தொழிலாளியின் பெயர் வராமல் தராசு எடையை ஏற்காது.

“பிள்ளைமடுவத்துல பிள்ளை பாலுக்கு அழுவுதுங்க ஐயா, கொழுந்த நிறுத்து அனுப்பிவிடுங்க,” என்றார் அவர், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின் பக்கம் கை காட்டி.

“கம்பியூட்டர் சுத்திக்கிட்டே இருக்கும்மா, நான் என்ன செய்ய?” என்றார் கணக்கப்பிள்ளை.

“நாங்க மெதுவா பறிச்சா மட்டும் கத்துவீங்க!” என்றது பின்வரிசை.

கணினியைப் பழுதுபார்க்க வந்திருந்த நான், இந்தத் தரவுத்தளத்தை அமைத்த கொழும்புப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“மழைக்கு சிக்னல் இழுக்கும். மாசம் பொறந்தா தானா சரியாயிரும்,” என்றார்.

தரவுத்தளத்தைத் திறந்தேன். எடைப் பதிவுகள் மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழைய மாதங்களுக்குத் தனித்தனியே இன்டெக்ஸ், அதாவது பெயரை உடனே தேடித்தரும் பட்டியல், போட்ட அந்தப் பொறியாளர், எல்லா மாதங்களுக்கும் மூலமான தாய் அட்டவணையில் போடவில்லை. போட்டிருந்தால் ஒவ்வொரு புது மாதத்துக்கும் அது தானாக வந்திருக்கும். இப்போதோ இன்டெக்ஸ் இல்லாத இந்த மாதம் வளர வளர, ஒரு பெயருக்காகக் கணினி மாதத்தின் எல்லாப் பதிவுகளையும் துழாவியது; புது மாதம் பிறந்தால் பதிவுகள் குறைவாக இருப்பதால் சரியானதுபோலத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி வேலையைச் செய்யாமல் மழைமேல் பழி போட்டிருக்கிறார்.

தாய் அட்டவணையில் இன்டெக்ஸ் போட்டேன். வரிசை நகர்ந்தது. எடை போட்டதும் ராணி ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுது அழுது தூங்கிவிட்டிருந்தது.