பம்பரின் இடது மூலை

இந்த ஸ்டோரியை நீங்கள் ஐந்து பேர் மட்டும்தான் பார்க்க முடியும். தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஒரு கருப்பு பாலிஷ் புட்டியைக் கொடுத்து, "காரோட கருப்பு பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்துப் போச்சும்மா. நல்லா தேச்சு விடு" என்றார். நாலு வருஷமாக வெளுத்துத்தான் கிடந்தது. ஆனால் பம்பரின் இடது மூலையில் புதுக் கீறலும் சிவப்புப் பெயிண்டும் இருந்தன.

"சுவத்துல உரசிருச்சு" என்றார்.

சிவப்பு போகும்வரை தேய்த்தேன். புட்டியில் இருந்தது பத்தவில்லை. என் பள்ளிச் சப்பாத்துக்குப் பூசும் கருப்பையும் தடவினேன். புதுசுபோல வந்தது.

"ஒர்க்‌ஷாப்ல குடுத்தாகூட இப்படி வராதுலா!" என்று அப்பா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்று பள்ளி பஸ்ஸில் தேவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை இரவு ஜெலாப்பாங் சாலையில் அவள் அண்ணனின் சிவப்பு மோட்டார் சைக்கிளை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை.

"போலீஸ் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பா கேட்டுட்டாங்க. அப்படி ஒரு காரும் வரலையாம். உங்கப்பா அந்த ரோட்லதானே வருவாரு? ஏதாச்சும் பாத்தாரான்னு கேளேன்டி."

"கேக்குறேன்லா" என்றேன்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தேச்சது யாரு? நீதானே" என்றார்.

வெளுத்த பிளாஸ்டிக்கைக் கருப்பாக்க ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. பூசிய கருப்பை எடுத்துக் கீறலை வெளியே கொண்டுவர ஒன்றுகூட இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அப்பா ஆறு மணிக்கு எழுந்துவிடுவார்.