ராக்கப்பன் கேட்ட சத்தம்

ராக்கப்பன் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் ரேடியோவைத் தொடுவார். முற்றத்துப் பித்தளைக் குழாயில் உள்ளங்கையை அழுத்திக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வந்து மரப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றுவார். நாரணாபுரத்தில் அவர் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளுமா? பேங்க் வாசலில்கூட அவர் கை தகட்டைத் தேடிச் சுவரைத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆலையில் அவர் போர்மேன். நாலு பேர் சல்லடை போடும் அறையில் அவருக்கு முக்கியமான வேலை, கேட்டுக்கொண்டு நிற்பது. மருந்தில் ஒரு மணல் துணுக்கு கிடந்தாலும் சல்லடை 'கர்' என்று சொல்லுமாம். அவர் கையைத் தூக்கினால் நாலு பேரும் அப்படியே நின்றுவிட வேண்டும். உரசல் பொறியாகிவிட்டால் யாரும் மிஞ்ச மாட்டார்கள். "கண்ணு என்னத்தக் கண்டுச்சு தம்பி? மருந்து ரூமுல நம்மளச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புறது காதுதான்" என்பார். அந்த அறையில் போடும் பருத்திச் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது. தீப்பெட்டி, செல்போன் என்று எதையும் மறந்துபோய்க்கூடக் கொண்டுபோய்விடக் கூடாதென்று அப்படித் தைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காதைப் பழைய வால்வு ரேடியோக்களுக்குக் கொடுத்துவிடுகிறார். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று அவரிடம் இரும்பு ஸ்க்ரூடிரைவர் கிடையாது. பித்தளையில் சொல்லிச் செய்தது ஒன்று உண்டு. வால்வைத் தட்டிப் பார்க்க ஒரு மூங்கில் குச்சி. "இரும்ப வச்சுத் தட்டுனா எனக்கு ஒடம்பு கூசுது." ஸ்பீக்கரில் ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டமாக ஏரியல் வரைக்கும் வருவார். "சத்தத்தப் பெறத்தாலருந்து வெரட்டிட்டு வரணும். முன்னால போயி நின்னா ஏமாத்திரும்." ஏரியலைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒருமுறை கை டிரான்சிஸ்டரோடு தெருவில் வீடு வீடாக நடந்து, உக்கிரபாண்டி வீட்டு எல்இடி பல்பைக் கையும் களவுமாகப் பிடித்தார். உக்கிரபாண்டி இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

கோளாறு பிடிபட்டதும் சீட்டு எழுதுவார். நான் சிவகாசியில் அச்சாபீஸில் இருப்பவன். வண்ணம் தப்பி அச்சான பட்டாசு லேபிள்களை அவருக்குக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். லேபிளில் பச்சை மூக்கோடு அச்சான கிளிக்குப் பின்பக்கத்தில் மூன்றே வரி: கோளாறு, இடம், செய்தது. அதைப் பசை தடவிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டினால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. இடம் தெரியாமல் எந்தச் சீட்டும் எழுதமாட்டார்.

சாத்தூர் பழைய இரும்புக் கடையில் பெட்டியின் அழகுக்கு மயங்கி நான் வாங்கிய ரேடியோ இந்த ஆனியில் அவரிடம் போனது. முதல் ஞாயிறு, வால்யூமை அடியோடு குறைத்தும் போகாத உறுமலைப் பிடித்தார். பவர் பக்கத்தில் பழைய கண்டன்சர் செத்துக் கிடந்தது. அடுத்த ஞாயிறு, கடுகு பொரிகிற சத்தம். ஒரு வால்வின் கால்களில் களிம்பு. மூன்றாவது ஞாயிறு காலையில் திருநெல்வேலி நிலையத்துச் செய்தி, பக்கத்து அறையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி" என்றார். "மெலிசா உஸ்ஸுங்குது. ஒனக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. ஏரியலை உருவினார், உஸ் போகவில்லை என்றார். வால்யூமைக் குறைத்தார். போகவில்லை. வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இப்பக் கேக்குதா?"

"பிளக்கையே புடுங்கிட்டீகளேண்ணே, இனி எங்கிட்டிருந்து கேக்கும்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, சத்தம் ரேடியோவில் இல்லை.

காபி கொண்டுவந்த அவர் மனைவி பொன்னுத்தங்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "எத்தன நாளா இப்படி?"

"சித்திரையில பக்கத்துக் கம்பெனி ஷெட்டு வெடிச்சுச்சுல்ல, அன்னையிலருந்து. இடது காதுல. நான் செட்டுலதான் இரையுதுன்னு இருந்தேன்."

மூன்று மாதமாக வந்த ரேடியோக்கள் அத்தனையிலும் இந்த உஸ்ஸைத் தேடியிருக்கிறார். நம்பித்தான் தேடினாரா, நம்ப ஆசைப்பட்டுத் தேடினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம். அதுவரைக்கும் கம்பெனியில வாயத் தொறக்காதீக" என்றார் பொன்னுத்தங்கம். "சீசன் நேரம். அந்த எடத்துக்கு வர எம்புட்டு வருசம் ஆச்சு? கேட்டுக் காவலுக்குப் போட்டுட்டா அங்கன போயி உக்காருவீகளா?"

ராக்கப்பன் கழற்றிய வால்வுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினார். அவசரமே இல்லை.

"புதன்கெழம, சல்லடை கர்ருங்குதுன்னு எடது பக்கம் சல்லடை போடுற ராஜபாண்டியன் ரெண்டு தடவ கத்திருக்கான், தங்கம். அவன் வந்து தோளத் தொட்ட பெறகுதான் நான் கையத் தூக்குனேன்."

அந்த அம்மாள் காபி டம்ளரை அவருடைய வலப்பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்.

ராக்கப்பன் ஒரு லேபிளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். கோளாறு: உஸ் சத்தம். இடம்: இடது காது. செய்தது என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. வரியை வெறுமனே விட்டார். பழக்கதோஷத்தில் நான் பசை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். சுவர் ஆணியில் மறுநாளைக்குத் துவைத்த ஆலைச் சட்டை தொங்கியது. பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தை அவர் கை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு சீட்டை நாலாக மடித்து, அடுத்த ஆணியில் இருந்த, ஆலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்.