ஆறு நாளில் நாலு சிவப்பு

கேட்டில் இருக்கிற சிவப்பு விளக்குக்குத் திருடரைத் தெரியும் என்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மோட்டார் கம்பெனிக்குள் பேச்சு. ஷிப்டு முடிந்து போகிறவர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் பஸ்ஸுக்கு ஓடலாம். சிவப்பு எரிந்தால் ஓரமாக நின்று பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். பத்துக்கு ஒன்று சிவப்பு, அதுவும் ஆள் பார்க்காமல் எரியும் என்றுதான் மெஷினை மாட்டியவர் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மேசையில் இருக்கிற ஆரணி தாயாரம்மாளுக்கு ஒரே வாரத்தில், ஆறு நாளில் நாலு சிவப்பு. பையில் இருந்தது டிபன் பாக்ஸும் சீப்பும்தான். அதனாலென்ன? ஸ்டோரில் செம்புக் கம்பி எடை குறைந்துகொண்டிருந்த நேரம். மெஷினுக்குத் தெரியாமலா எரியும்?

இதை வெறும் பேச்சாக விடக் கூடாது, சோதித்தே தீர வேண்டும் என்று புறப்பட்டவர் பரசுராமன். குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சோழவரத்துக்காரர், பத்தொன்பது வருஷ சர்வீஸ். வதந்தியை நம்புகிற ஜனங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எதற்கும் கிராப் வேண்டும். கம்பெனி பஸ் தாமதத்துக்கு ஒரு கிராப், வீட்டில் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதற்கு ஒரு கிராப். ஒரு மாசம் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிட, அதை வட்டமிட்டு அடுப்படியில் ஒட்டினார். அந்த மாசம் வந்து தங்கியது உங்க அக்கா குடும்பம் என்று மனைவி அருணா கீழே எழுதிய பிறகுதான் கிழித்தார்.

கம்ப்யூட்டரில் பொய்யாக ஒரு தாயாரம்மாளை உண்டாக்கி, அவளை ஆயிரம் வாரம் கேட்டுக்கு அனுப்பினார். பத்துக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரே சிவப்பு போட்டது. சிவப்பே விழாத வாரங்கள் ஐந்நூறுக்கு மேல், கிராப்பில் தென்னை மாதிரி நின்றன. ஒரு சிவப்பு முந்நூற்றைம்பது சொச்சம். இரண்டு, நூறுக்குக் கிட்ட. மூன்று, பதினைந்து. நாலு என்ற இடத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரே ஒரு வாரம்.

“ஆயிரத்துல ஒண்ணு சார். தானா நடக்கறதுக்கு வழியே இல்ல” என்றார் மேனேஜர் சந்திரமோகனிடம். கிராப்பைக் கலரில் எடுத்து கேன்டீன் வாசல் போர்டில் ஒட்டினார். பெயர் போடவில்லை, ‘ஓர் ஊழியர்’ என்று நாகரிகமாகப் போட்டார். எண்ணூறு பேரும் அந்த ஊழியரின் பெயரைச் சொல்லிக்கொண்டே சோறு தின்றார்கள். திங்கட்கிழமை தாயாரம்மாளை மேசையிலிருந்து எடுத்து யார்டு பெருக்கப் போட்டார்கள்.

பதினோராம் நாள் அவள் துடைப்பத்தோடு அவர் வழியில் நின்றாள்.

“சார், நீ ஒட்டுன படத்துல நான் மட்டுந்தான் இருக்கேனா?”

“ஆமாம்மா. நாலு வாட்டி உனக்குத்தான வந்துச்சு.”

“மீதிப் பேரு இன்னா, பொம்மையா? அவுங்களும் அமுக்கிக்கினுதான போறாங்க. எங்க தெருவுல நாப்பது பேரு சீட்டு கட்றோம். மாசாமாசம் குலுக்குனா எவளுக்கோ ஒருத்திக்கு விழுது. போன மாசம் புவனேஸ்வரிக்கு விழுந்துச்சு. நாப்பதுல ஒண்ணு எப்டி இவளுக்கு விழும், இவ கள்ளின்னு நாங்க படம் போட்டு ஒட்டல.”

“அது வேற, இது வேற.”

“எப்டி வேற?”

பரசுராமன் வாட்சைப் பார்த்துவிட்டு நடந்தார்.

எப்படி வேறு என்று பார்த்துவிட, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எண்ணூறு பேரையும் ஒரு வருஷம் கேட்டுக்கு அனுப்பினார். ஐம்பத்திரண்டு வாரத்தில் முப்பத்துமூன்று வாரம் யாரோ ஒருவருக்கு நாலு சிவப்பு. சில வாரம் இரண்டு பேருக்கு. அந்தக் கம்ப்யூட்டருக்குள் செம்பே கிடையாது. திருட வழியில்லாத எண்ணூறு பேர். முதல் கிராப்பில் ஒரு கோடுகூடத் தப்பில்லை. யாருக்கு விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இவளுக்கு எப்படி விழும் என்று கேட்டவர்தான் தப்பு. காது மடல் சுட்டது.

ஆளில்லாத நேரம் பார்த்து போர்டில் இருந்ததைக் கிழிக்கப் போனார். பசையை அன்றைக்குத் தாராளமாகத் தடவியிருந்தார். பாதி வரவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததை பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் டீ குடித்தபடி பார்த்தார்கள்.

“கிராப்பைத் தப்பா படிச்சிட்டேன் சார்” என்றார் மேனேஜரிடம்.

“லைட்டு ஒழுங்கா எரியுதா?”

“எரியுது.”

“அப்புறம் இன்னா பிரச்சனை?”

இருந்தாலும் மறுநாள் தாயாரம்மாள் மேசைக்குத் திரும்பினாள். அவள் யார்டில் இருந்த நாளெல்லாம் செம்பு குறைந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு யாரும் கிராப் போடவில்லை.

பரசுராமன் மேசைக்குப் போய்க் குனிந்து, “தப்பு என்னுதுதாம்மா” என்றார்.

அவள் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இத காதுல சொல்றியே சார். படத்த காதுலயா ஒட்டுன?”

“திங்கக்கெழம மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும் சொல்லிடறேன்.”

முதல் திங்கள் அவருக்கு வயிற்றுவலி, லீவு. இரண்டாவது திங்கள் மேனேஜர் ஷூ போடாதவர்களைத் திட்டியே நேரம் போனது. மூன்றாவது திங்கள் மைக்கைப் பிடித்து, புள்ளிவிவரங்களை நாம் எச்சரிக்கையாக அணுக வேண்டும் என்று ஏழு நிமிஷம் பேசினார். கை தட்டினார்கள். தாயாரம்மாள் பஸ்ஸில் ஏறும்போது, “எம்பேரே வரலியே சார்” என்றாள்.

தாயாரம்மாள் எதையும் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது இந்த மூன்றே வார்த்தை. சட்டைப்பையில் துண்டுக் காகிதத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். நேற்று நாலாவது திங்கள். மழை, மீட்டிங் கிடையாது என்றார்கள். பரசுராமன் நிம்மதியாக மூச்சு விட்டார். விட்டதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் நின்றுகொண்டே போனார்.