டூஃபியேயின் நாய் சாக்லேட் தின்ற வெள்ளிக்கிழமை

டூஃபியே அக்கா தன் நாய்க்கு மெடாசே என்று பெயர் வைத்தது நாயை உத்தேசித்து அல்ல, ஜாமெராவை உத்தேசித்து. எங்கள் பேச்சில் மெடாசே என்றால் நன்றி. ஜாமெரா, செத்துப்போன அவள் புருஷன் அனானேயின் அக்காள் மகன்.

அனானேயும் அவளும் கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்கு வந்தவர்கள். கானாவின் மேற்கில் அப்போது இவ்வளவு கோகோத் தோட்டம் கிடையாது, காடுதான். மரம் வெட்டியது அவன். நாற்றுகளைக் கூடையில் சுமந்துபோய் நட்டவள் அவள். இளங்கன்றுகள் வெயிலில் வாடாமல் இருக்க நடுவில் வாழை வைத்து, ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றியவளும் அவள்தான். பிள்ளை பிறக்கவில்லை. மரங்கள் காய்த்துக் குலுங்கின. பிறகு ஒரு மழைக்காலத்தில் அனானே காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வழக்கப்படி ஆணின் சொத்து சகோதரி மகனுக்கு. பெரியவர்கள் கூடி, தோட்டம் முழுவதையும் ஜாமெராவிடம் கொடுத்தார்கள். டூஃபியேக்கு ஓடையோரம் ஒரு கீற்று நிலம். மழை வந்தால் காய்கள் கறுத்து அழுகும் இடம் அது.

அவள் சண்டை போடவில்லை. வேட்டைக்காரன் ஒருவனிடம் ஒரு குட்டியை வாங்கி வந்தாள். அவ்வளவுதான். அதன்பின் ஜாமெராவின் பிக்அப் வண்டி அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல் எழும்.

"ஏ மெடாசே! அடுத்தவ உழைப்புல வயிறு வளக்குறியே, கொஞ்சமாவது வெக்கம் இருக்கா? இங்க வா மெடாசே!"

நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். ஜாமெரா வண்டியின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். நாங்கள் சிரிப்போம். நான் மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன், அவளுக்கு அடுத்த வீடு. அந்தக் கூத்தை நான் தவற விட்டதே இல்லை.

ஆனால் அந்த நாயோடு அவளுக்கு இருந்தது பெயரோடு நின்றுபோகிற உறவு அல்ல. பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது, பெரிய நாயும் அல்ல. கோகோக் கொட்டை பாயில் காயும் நாட்களில் ஆடு ஒன்றும் கிட்ட வர முடியாது. அவள் தோட்டத்துக்குப் போனால் முன்னால் போகும், திரும்பும்போது பின்னால் வரும். நாங்கள் காய் உடைக்க உட்கார்ந்தால் அதுவும் வட்டத்தில் ஒரு ஆளாக உட்காரும். கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதை தித்திப்பு. அதை நக்கிவிட்டுக் கசப்புக் கொட்டையைத் துப்பிவிடும். ஊரில் எல்லா நாய்களும் அப்படித்தான் வளர்ந்தன.

போன வருஷம் அக்ராவிலிருந்து டெடே என்று ஒரு பெண் வந்தாள். ஏதோ ஒரு அமைப்பு அனுப்பியிருந்தது. கோகோவை மூட்டையாக விற்பதோடு நிற்காமல் நீங்களே சாக்லேட் செய்யலாம் என்று சர்ச்சுக்குப் பின்னால் பெண்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டூஃபியே விடவில்லை. கொட்டையை இரும்புச் சட்டியில் வறுப்பாள், உரலில் லேசாக இடிப்பாள், உமியைப் புடைத்துத் தள்ளுவாள். பிறகு மக்காச்சோளம் அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை அரைப்பாள். மில்காரன் "கல்லுல ஒட்டிக்கிது, இனி கொண்டு வராதே" என்று ஒவ்வொரு முறையும் கத்துவான். பேருக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டு, காலி மத்தி மீன் டப்பாக்களில் ஊற்றி ஆறவைப்பாள்.

முதல் துண்டை என்னிடம்தான் நீட்டினாள்.

"எப்படிடா இருக்கு?"

"கசாயம் மாதிரி இருக்குக்கா."

"உன் நாக்குக்குக் கள்ளுதான் லாயக்கு, போ" என்றவள், கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு சொத்துன்னு எந்தப் பெருசும் வந்து கேக்கல பாத்தியா?"

ஈஸ்டர் ஞாயிறன்று சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் செய்தாள். டப்பாக்களிலிருந்து கட்டிகளைத் தட்டி எடுத்து, வாழையிலையில் சுற்றி, அலுமினியப் பேசினில் அடுக்கி, மேலே தட்டு போட்டு, தட்டின்மேல் ஒரு கல்லும் வைத்தாள். பெரிய வெள்ளி காலையில் ஆராதனைக்குப் போனாள். திரும்பி வரும்போது பேசின் கவிழ்ந்து கிடந்தது. இலைகள் கிழிந்து அடுப்படி முழுக்கச் சிதறியிருந்தன. மெடாசே மூக்கை நக்கிக்கொண்டு மூலையில் படுத்திருந்தது.

துடைப்பத்தோடு அதைத் துரத்தினாள். இரண்டு சுற்று ஓடியபின் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கர்த்தர் செத்த நாள்ல உனக்கு விருந்து கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இலைகளைப் பொறுக்கினாள்.

டான்டோ வாத்தியார் அப்போதுதான் வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "நாய்க்கு சாக்லேட் ஆகாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம். செத்துக்கூடப் போகுமாம்" என்றார்.

கள் இறக்கும் டாவியா வேலியில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேட்டீங்களா! மீனுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்லுவாரு போல. வாத்தியாரே, இந்த ஊர்ல எந்த நாய் கோகோ திங்காம வளந்துச்சு?"

"அது சதைப்பா. இது கொட்டை. அதுவும் அரைச்ச கொட்டை."

"வெள்ளைக்காரன் நாய்க்கு ஆகாம இருக்கும். அதுங்க மெத்தையில தூங்குற நாய்ங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வாத்தியார் மேலே வாதாடவில்லை, படித்த இடம் அவருக்கே சரியாக நினைவில்லை. டூஃபியே மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாயைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. வால் ஆடியது.

பிற்பகலில் அவள் என்னைக் கூப்பிட்டாள். நாய் ஓரிடத்தில் நிற்காமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது, மறுபடி குடித்தது. கறுப்பாகக் கொஞ்சம் வாந்தி எடுத்தது. நாக்கு தொங்கி, மூச்சு இரைத்தது. அவள் அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். துடிப்பை எண்ண முடியவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இல்லை.

விஷம் என்றால் எங்கள் ஊரில் முதல் வைத்தியம் பாமாயில். சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் அதன் கடைவாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. உள்ளே போனதும் ஒன்றும் செய்யவில்லை.

ஆட்டுக் காய்ச்சல் வந்த சமயத்தில் கால்நடை டாக்டரம்மாவின் நம்பரை நான் வாங்கி வைத்திருந்தேன். கூப்பிட்டேன். ஈஸ்டருக்குச் சொந்த ஊர் போயிருந்தார், பஸ்ஸில் அரை நாள் தூரம். போனை ஸ்பீக்கரில் போட்டு டூஃபியேயிடம் கொடுத்தேன்.

"எப்பம்மா தின்னுச்சு?"

"காலையில. நான் சர்ச்சுக்குப் போனப்ப."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

"பாலும் சர்க்கரையும் நெறைய சேத்த கடை மிட்டாய்னா, ஒரு துண்டு ரெண்டு துண்டுக்கு வயித்தக் கலக்குறதோட போயிருக்கும். நீங்க செஞ்சது முழுக்கக் கொட்டை. எவ்வளவு கறுப்போ அவ்வளவு மோசம். கோகோவுல ஒரு சத்து இருக்கும்மா. நம்ம உடம்பு அதைச் சீக்கிரம் கரைச்சுத் தள்ளிரும். நாய் உடம்பால முடியாது. உள்ளேயே நின்னு இதயத்தை விரட்டிக்கிட்டே இருக்கும்."

"அதுக்கு மாத்து மருந்து என்ன டாக்டரம்மா?"

"மாத்துன்னு தனியா கிடையாதும்மா. தின்ன உடனே வந்திருந்தா வாந்தி எடுக்க வச்சிருக்கலாம். அப்புறம் கரி மருந்து கொடுத்து…"

"கரியா? எங்கிட்ட ஒரு மூட்டை இருக்கே!" டூஃபியே எழுந்தே விட்டாள். "இடிச்சுக் குடுத்தா ஆச்சு!"

"அது அடுப்புக் கரிம்மா. இது வேற. அது விஷத்த உறிஞ்சாது."

அவள் அடுப்படி வாசலில் கையை மூட்டைமேல் வைத்தபடி நின்றாள். அந்தக் கை அங்கேயே இருந்தது.

டவுனில் மிருக மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், வலிப்பு வந்தால் அடக்க ஊசி போடுவார், சொல்லி வைக்கிறேன், எப்படியாவது கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்குள் நாயின் பின்கால்கள் உதற ஆரம்பித்துவிட்டன. பைக்கில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தச் சேற்றுப் பாதையில் போக வழியே இல்லை. முந்தின நாள்தான் முதல் மழை பெய்திருந்தது. ஊரில் வண்டி என்று இருந்தது ஒன்றே ஒன்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜாமெரா வீட்டுக்கு நடந்தாள். நான் நாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஜாமெரா ஃபூஃபூக் களியும் மீன் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை சட்டியிலேயே நின்றது. அனானே செத்தபின் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"உன் வண்டி வேணும், ஜாமெரா."

அவன் என் கையிலிருந்த நாயைப் பார்த்தான். "யாருக்கு? இதுக்கா? தெனமும் எம் மானத்தை வாங்குதே, இதுக்கா?"

"ஆமா. இதுக்குத்தான்."

"கெஞ்சக்கூட மாட்டீங்களா அத்தை?"

"கெஞ்சணும்னா கெஞ்சுறேன். டவுனுக்குப் போயி கெஞ்சுறேன். இப்ப நேரமில்ல."

அவன் கையைக் கழுவினான். சாவியை எடுத்தான்.

முன்சீட்டில் அவள் நாயை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் திறந்த தட்டில். ஓடைப் பாலம் தாண்டி ஏறும் மேட்டில் மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே சரிந்து நின்றது. ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தான் ஜாமெரா. பின்சக்கரம் செம்மண்ணில் இறங்கிவிட்டது. இறங்கினோம். கிளைகளை ஒடித்துச் சக்கரத்தடியில் போட்டோம். லாரிக்காரர்களும் தோள் கொடுத்தார்கள். நான் தள்ள, சேறு என் வாயிலும் கண்ணிலும் அடித்தது. வண்டி முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "மெடாசே. மெடாசே." அந்தப் பெயரை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நாயின் உடம்பு விறைத்து வளைந்து அவள் மடியை உதைத்தது. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளால் ஆவது ஒன்றுமில்லை. ஜாமெரா ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி, "இதோ, இதோ ஏறிடும் அத்தை, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வண்டி கடைசியில் மேடேறியது. அப்போது நாய் அடங்கிவிட்டிருந்தது.

"திருப்பு" என்றாள் அவள்.

"டவுன் பக்கந்தான் அத்தை, ஒரு தடவை காட்டிருவோமே…"

"திருப்புடா."

ஓடையோரம் அவளுடைய நிலத்தில் புதைத்தோம். ஜாமெரா மண்வெட்டியை என்னிடம் தரவில்லை, அவனே தோண்டினான். பாதியில் நிமிர்ந்து, "அத்தை, மாமா நெலத்தப் பத்தி…" என்று ஆரம்பித்தான்.

"குழியைத் தோண்டு ஜாமெரா. இன்னிக்குப் பேசாதே."

அவன் தோண்டினான். பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தோட்டம் இன்றும் அவனிடம்தான் இருக்கிறது.

அடுத்த நாளே ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. பாம்பு கடித்திருக்கும் என்றார்கள். பூச்சிமருந்து தெளித்த செடியை நக்கியிருக்கும் என்றார்கள். டாவியா ஒருபடி மேலே போய், ஜாமெரா சாபம் விட்டான், அது பலித்ததில் பயந்துதான் வண்டியோடு ஓடி வந்தான் என்றான். டூஃபியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கொட்டையை நாய் வாய் வைக்கிற இடத்தில் வைக்காதீர்கள், வறுத்தது இன்னும் ஆபத்து, புடைத்த உமியைக்கூட வெளியே கொட்டாதீர்கள் என்று. "சரிக்கா, சரிக்கா" என்றார்கள். மூன்றாம் வீட்டுப் பெண் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, காய்ந்த கொட்டையில் புடைத்த குப்பையைத் தன் நாய் படுத்திருந்த இடத்தில் கொட்டினாள். வேண்டுமென்று அல்ல. குப்பை கொட்டும் இடம் அதுதான்.

அறுவடைக்கு முன் டெடே மறுபடி வந்தாள். பெண்கள் கூடியிருந்தபோது டூஃபியே எழுந்து நின்று நாய் செத்த கதையைச் சொன்னாள்.

"வறுக்குறதுக்கு எவ்வளவு சூடு, ஆறுறதுக்கு எவ்வளவு நேரம், கையை எப்படிக் கழுவணும், எல்லாம் சொன்னியே தாயி. இதை ஏன் சொல்லல?"

டெடே கேட்டதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்மா," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "எங்க வீட்டு நாய்க்கு நான் ஒரு துண்டு குடுத்ததில்ல. ஆனா இங்க சொல்லணும்னு தோணவே இல்ல. கோகோ விளையுற ஊருக்கு இது தெரியாம இருக்கும்னு நெனைக்கல."

டூஃபியே உட்கார்ந்துவிட்டாள். கோபப்படலாம் என்று வந்திருப்பாள் என நினைக்கிறேன். அந்தப் பெண் அழுததும் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

சாக்லேட் செய்வதை அவள் நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வாள்? கட்டிகளைக் கம்பிவலைக் கூடையில் போட்டு முகட்டிலிருந்து தொங்கவிடுகிறாள். வேட்டைக்காரன் ஒரு குட்டி கொண்டுவந்து நீட்டினான். கையில் வாங்கி, காதைத் தடவி, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாம்பா. பாயில கொட்டை, பரண்ல கொட்டை, உரல்ல கொட்டை. எங்கன்னு போயி மறைப்பேன்?"

இந்தப் பருவத்தில் அவள் கொட்டை காயப்போட்டால் ஆடுகள் பயமில்லாமல் வருகின்றன. பாய் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு, பக்கத்தில் மண்ணாங்கட்டிகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எறிகிறாள். பெரும்பாலும் குறி தப்புகிறது. ஆடு இரண்டடி ஒதுங்கி நின்று, அடுத்த கட்டியை எடுக்க அவள் குனியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வருகிறது.