ஆறு ஃப்ளாப்பிக்கும் பொட்டு

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கிற பொருள். நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் கீழே பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் இருந்தன. மாடியில், ஏசி போட்ட அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். வயது இருபத்திரண்டு. டைப்ரைட்டர் வகுப்புப் பெண்கள் என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வேலையில் நான் தொடர்வதா வேண்டாமா என்பது அந்த வருட விஜயதசமியன்று முடிவாக வேண்டியிருந்தது. எங்கள் ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கம். அத்தை ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். அப்பா விவசாயி, அதிகம் பேச மாட்டார். நான் தங்கியிருந்த விடுதி வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனை சொல்லிவிட்டுப் போனார்.

"விஜயதசமி அன்னிக்கி மூணு மணிக்கா வர்றேன். நீ என்ன வேல பண்றன்னு கண்ணால பாக்கணும். பாத்துட்டு சொல்றேன், இங்க இருக்கிறதா, வூட்டுக்கு வர்றதான்னு."

இனி என்னால் நடந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் சிஸ்டம் ஃப்ளாப்பி ஒன்றை அதன் வாயில் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்கு நினைவுக்கு வரும். ஃப்ளாப்பி என்பது ஒரு கறுப்புச் சதுரம், உள்ளே மெல்லிய பழுப்பு வட்டத் தகடு. நடுவில் ஓர் ஓட்டை, அதற்குக் கீழே விரல் நுழைகிற அளவில் நீள்வட்டத் திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் எந்திரம் தகட்டைத் தொட்டுப் படிக்கும். அங்கே கை படவே கூடாது என்று பாண்டிச்சேரியில் பயிற்சி எடுத்த முதல் நாளே சொல்லித்தந்தார்கள். நானும் என் மாணவர்களை அதட்டி அதட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ஆயுத பூசையன்று மாலை முதலாளி சாமி கும்பிட்டுவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்பினார். "மாடிய நீ பாத்துக்கம்மா" என்றார். நான் பார்த்துக்கொண்டேன். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், கீபோர்டுக்கு ஒன்று, ஸ்டெபிலைசருக்கு ஒன்று. பிறகு வாழையிலை விரித்து, ஆறு ஃப்ளாப்பிகளையும் உறையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். அப்பா சரி என்று சொல்ல வேண்டும், இந்தப் பெட்டி நாளைக்கு மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். எங்கே வைப்பது? மேலே லேபிள், நடுவில் ஓட்டை. அந்த நீள்வட்டத் திறப்புதான் நெற்றி மாதிரி தோதாக இருந்தது. தொடக் கூடாது என்றுதான் சொன்னார்களே தவிர, பொட்டு வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நகல் எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பியையும் விடவில்லை. பக்தியில் எனக்கு ஓரவஞ்சனை கிடையாது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய், ஃப்ளாப்பிகளை முந்தானையால் லேசாகத் துடைத்துவிட்டு, முதல் ஃப்ளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். விசிறி சுற்றியது. கர்ர் என்று ஒரு சத்தம். திரையில் பச்சை எழுத்தில், இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறொன்றைப் போட்டு ஏதாவதொரு விசையைத் தட்டு என்று வந்தது. தட்டினேன். மறுபடியும் கர்ர், மறுபடியும் அதே வாசகம். நகலைப் போட்டேன். மற்ற நான்கில் ஒன்றிலும் சிஸ்டம் கிடையாது என்று எனக்கே தெரியும், ஆனாலும் போட்டுப் பார்த்தேன். பதறின கை சும்மா இருக்குமா? ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தேன், சரியாக நின்றது. ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். பிறகுதான் ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திறப்புக்குள் பழுப்புத் தகட்டின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்வீஸ் ஆள் மெட்ராசிலிருந்து வர வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும். மூன்று மணிக்கு முதலாளி புதிதாகச் சேர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அப்பாவும் வருவார். வந்து என்ன பார்ப்பார்? பொட்டு வைத்த பெட்டியையும் திருதிருவென்று முழிக்கிற மகளையும்.

பக்கத்தில் இதே மாதிரி கம்ப்யூட்டர் இருந்தது திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில். அங்கே ஆசிரியையாக இருந்தவள் என்னோடு பாண்டிச்சேரியில் பயிற்சி எடுத்தவள். அவளிடம் போய் நிற்க எனக்கு முகம் இல்லை, அதற்குக் காரணம் இருந்தது. பாண்டிச்சேரியில் மதியத்தில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். அவள் தன் டப்பாவை எல்லோருக்கும் நீட்டுவாள். நான் மட்டும் "வயிறு சரியில்ல" என்பேன். நான்கு மாதம் தினமும் எனக்கு வயிறு சரியில்லை. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான்காவது மாதத்துக்குப் பிறகு அவள் என் பக்கம் நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வேறு வழியில்லை. ஆறு ஃப்ளாப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தது, கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனம், ஹெட்லைட்டுக்கும் பொட்டு. அது விக்கிரவாண்டி தாண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

நான் போனபோது அவள் புதுப் பிள்ளைகள் இரண்டு பேரை கீபோர்டின் முன்னால் உட்காரவைத்திருந்தாள். அவர்களை அனுப்பிவிட்டு என் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆறையும் அதே டிரைவ்லதான் போட்டியா?"

"ஆமா."

"அப்போ படிக்கிற தல பூரா சந்தனம் ஒட்டிக்கினு இருக்கும். நல்ல டிஸ்க் போட்டாலும் அதையும் பாழாக்கிடும்."

"உங்க முதலாளி பூச போடலியா?"

"போட்டாரு. நான் வெறும் உறைய எடுத்து எலையில வெச்சேன். உறைக்கு பொட்டு வெச்சாரு. டிஸ்க் பீரோவுல இருந்துது."

அவள் தேவாலயத்துக்குப் போகிறவள். எங்கள் பூசைக்கும் பங்கம் வராமல், எந்திரத்துக்கும் பங்கம் வராமல் அவளுக்குத் தோன்றிய அந்த யோசனை, சாமிக்கு இலை போடத் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை.

அப்பா வரப்போவதையும் அவர் சொன்ன நிபந்தனையையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "உன் சிஸ்டம் டிஸ்க் ஒண்ணு குடு. சாயந்திரமே திருப்பிக் குடுத்துடறேன்."

"டிஸ்க்கத் தர மாட்டேன்" என்றாள்.

நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒக்காரு. நானே எடுத்துக்கினு வர்றேன். உன் கைல குடுத்தா பதட்டத்துல தலையத் தொடைக்காம போட்டுடுவ."

அவளுக்கு அன்றைக்குக் காலையோடு வகுப்பு முடிந்திருந்தது. சாவியைக் கீழே சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வைத்திருந்த டப்பாவையும் இரண்டு ஃப்ளாப்பிகளையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தும் அவள் பையை மடியில் கிடத்தாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நன்றி சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் இறங்கியதும் மருந்துக் கடையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கினோம். மாடிக்கு வந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்தாள். உள்ளே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சின்னத் தலைகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அதிலும் பொட்டு. அவசரப்படாமல், ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரே திசையில் துடைத்தாள். பஞ்சு சிவப்பாக வந்தது. மாற்றினாள். இளஞ்சிவப்பாக வந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவது பஞ்சு வெள்ளையாக வந்தபோது மணி இரண்டே கால்.

"ஈரம் காயட்டும்" என்றாள். கால் மணி நேரம் இருவரும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவளுடைய டிஸ்க் கெட்டுப்போனால் அவள் வேலைக்கும் ஆபத்து என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது திண்டிவனத்திலேயே தெரிந்திருக்கும்.

டிஸ்க்கைப் போட்டாள். சுவிட்சை என்னையே தட்டச் சொன்னாள். விசிறி சுற்றியது. கர்ர் சத்தம் இல்லை, டக் டக் என்று தெளிவான சத்தம். திரையில் ஒரு கேள்வி வந்தது: இன்றைய தேதி என்ன? தினமும் எங்கள் பெட்டி கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் யாருக்கும் நான் தேதி சொன்னதில்லை. அவள் உடனே புது ஃப்ளாப்பி ஒன்றில் எங்களுக்கு நகல் எடுத்துவிட்டு, தன்னுடையதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு முதலாளியும் புதியவர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பை வறுத்த மல்லாட்டையோடு, எங்கள் நிலத்து வேர்க்கடலை. கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. நான் கூட்டிக் கழித்துக் காட்டினேன், எழுத்து அடித்துக் காட்டினேன். அப்பா கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மேசையோரம் குவிந்து கிடந்த சிவப்புப் பஞ்சைப் பார்த்தார்.

"இது யாரு?" என்றார், அவளைக் காட்டி.

தோழி, சும்மா பார்க்க வந்தாள் என்று சொல்லியிருக்கலாம். முதலாளியும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆனால் வாயில் அது வரவில்லை. "பொட்டு வெச்சி கெடுத்தது நான். திண்டிவனத்துலர்ந்து வந்து சரி பண்ணது இவதான்" என்றேன். முதலாளி "ஆறுக்குமா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்பா அவளிடம், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவள் ஊர் பெயரைச் சொன்னாள், காலனி என்பதையும் சேர்த்தே சொன்னாள். கேட்கிறவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும், பழக்கம். அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன், இந்த முறை எனக்காக மட்டும் இல்லை. அவர் மல்லாட்டைப் பையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அவளிடம் நீட்டினார். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"கூப்ட்டா வர்ற தூரத்துல இப்படி ஒரு பொண்ணு கீதுன்னா, நீ இங்கயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார். அத்தைக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்த வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். நான் சம்பாதித்தது, படித்தது, பிறகு நின்ற இடமெல்லாம் அந்த ஏழு பஞ்சு உருண்டைகளிலிருந்து வந்தவை. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பிற்பாடு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வெறும் உறைக்குத்தான் பொட்டு வைத்தேன்.

அன்றைக்கு அவளைப் பஸ் ஏற்ற நடந்தே போனோம். பஸ் வரவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து அவள் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சோறு, காலையில் கட்டியது. என் பக்கம் நீட்டாமல், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"எனக்கும் கொஞ்சம் குடு" என்றேன்.

கை நின்றது. "உனக்கு வயிறு சரியில்லியே" என்றாள்.

"சரியாப் போச்சு" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டப்பாவை நடுவில் வைத்துவிட்டு, நான் உட்காரத் தள்ளி இடம் விட்டாள்.