மதகுக்கு அந்தப் பக்கம்

மாலை நான்கு இருபது. கைபேசியில் என் மகளின் குரல்: "அம்மா, ரெண்டு பேர் பின்னாடியே வர்றாங்க. ஏரிக்கரை மதகு கிட்ட..." அத்தோடு அறுந்துவிட்டது.

பொத்தேரியில் கல்லூரி விட்டு, குறுக்கு வழியாக ஏரிக்கரையில் வருபவள் அவள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மதகின் மேல் ஸ்கூட்டர் மட்டும் சாய்ந்து கிடந்தது. ஓடும்போதே ஏட்டய்யாவை அழைத்திருந்தேன். எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்காரர். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, "ஏதாவது ஒண்ணுன்னா ஒரு போன் போடுங்க டீச்சர், பறந்து வருவேன்" என்று சொன்னவர். பறந்துதான் வந்தார். வந்ததும் கரையோரத்துக் கோரைப்புதரைப் பார்க்கவில்லை, மதகைப் பார்த்தார்.

"இந்த மதகுதான் பார்டர் டீச்சர். வடக்கால சிட்டி லிமிட். தெக்கால மட்டுந்தான் நம்மது."

"என் பொண்ணக் காணோம் சார்!"

"புரியுது. வண்டி எந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

நிலையத்தில் ஆள் இல்லை, இருப்பவர்களையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் புலம்பியபோதெல்லாம் பரிதாபப்பட்டவள் நான். அன்று ஆள் இருந்தார், பைக் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. அவர் குனிந்தார். மகளைத் தேடத்தான் இறங்குகிறார் என்று நினைத்தேன். தென்பக்கம் கிடந்த முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்கூட்டரை ஈரமண்ணில் இழுத்து வடக்கே சாய்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, வடக்குப் பக்கத்து சிட்டி நிலையத்துக்குப் போன் போட்டார்.

புதரை விலக்கிக்கொண்டு என் மகள் வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கையில் ரத்தம். அவளை அணைத்துப் பிடித்திருந்தது ஆடு மேய்க்கும் அக்கா. தழை பறிக்கக் கையில் வைத்திருந்த துரட்டியாலேயே அந்த இருவரையும் விரட்டியிருக்கிறாள்.

"இன்னா சார், பொண்ணு அங்க நடுங்கிகினு கீது, நீ இங்க வண்டிய நவுத்திகினு கீறியே!"

"ஏய், நீ போய் ஆட்டப் பாரு."

அந்த ஏட்டய்யாவை இப்போதும் கோயில் திருவிழாவில் பார்க்கிறேன். கயிறு கட்டி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார். "பாப்பா நல்லா படிக்குதா டீச்சர்?" என்று சிரிக்கிறார். பாப்பா இப்போது ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன். அன்று அவள் பின்னால் வந்த இருவர் யார் என்று இதுவரை எந்த லிமிட்டும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று கடைசியாக வடக்கிலிருந்து ஒரு ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். என் தோளில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதகின் மேல் ஈரமண்ணில் நீளமாகக் கிடந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஏட்டய்யாவிடம் கேட்டார்:

"யோவ், வண்டிய எங்க பக்கம் தள்ளினது யாருய்யா?"